ரிக்ரெஷன் ஐயா எனக்குப் போட்ட நாற்பத்தாறு

மாத்தளைச் சோதிடர்கள் அத்தனை பேரையும் தராசின் ஒரு தட்டில் ஏற்றினாலும், எங்கள் ரிக்ரெஷன் ஐயாவின் தட்டுத்தான் தாழும். அவர்கள் பிறந்த நேரம் கேட்பார்கள். இவர் பட்டச் சான்றிதழைக் கேட்பார்.

எங்கள் அலுவலகத்தில் புள்ளிவிவரப் பகுதி அவருடைய ராச்சியம். ஊர் சாவகச்சேரி. முதுகலை படிக்கப் போகிறவருக்கு எத்தனை மார்க் வரும் என்று போவதற்கு முன்பே சொல்லிவிடுவார். முன்பு படித்தவர்களின் பட்ட மார்க், வயது, பஸ்ஸில் கழிந்த மணித்தியாலம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டத்தாள். அதில் புள்ளிகளைக் குத்தி நடுவே ஒரு கோடு. அதற்குப் பெயர்தான் ரிக்ரெஷனாம். கலியாண வீட்டுக்கும் கட்டத்தாளோடுதான் வருவார்.

ஒருமுறை அலுவலக வேலையாக பக்கத்து நாலந்தாவுக்குப் போகும்போது சோதனைச்சாவடியில் அந்தத் தாள்கள் பிடிபட்டன. யுத்த காலத்தில் கோடும் புள்ளியுமாக ஒரு தாள்! முகாம் வரைபடம் என்று நினைத்து ஒரு சிப்பாய் எங்களைப் பஸ்ஸிலிருந்து இறக்கினான். ஐயாவோ சிங்களத்தில் வகுப்பெடுக்கத் தொடங்கிவிட்டார். அரை மணித்தியாலத்தில் அந்தச் சிப்பாய் தன் தங்கையின் பட்ட மார்க்கைச் சொல்லி, "எம்.ஏ. பாஸாவாளா மாத்தயா?" என்று கேட்டான். ஐம்பத்தெட்டு வரும் என்றார் ஐயா. பஸ்ஸை விட்டுவிட்டார்கள்.

அப்படிப்பட்ட மனிதர் எனக்குப் போட்டது நாற்பத்தாறு. பாஸ் மார்க் ஐம்பது. அவர் கணக்கைப் பார்க்காமல் அலுவலகப் பெரியவர் படிப்பு லீவில் கையெழுத்து வைக்கமாட்டார். இரத்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்தின் முதல் பட்டதாரி நான். பற்றிக்கொண்டு வந்தது.

"ஒரு நாலு மார்க் கூட்டிப் போடுங்களேன் ஐயா. கொறஞ்சா போயிருவீங்க?"

"கணக்கை மாத்தேலாது பிள்ளை."

"அப்ப என் தலையில மண்ணா?"

அவர் தாளை உற்றுப் பார்த்தார். "பட்ட மார்க்கை மாத்தேலாது. வயசையும் மாத்தேலாது. பஸ்ஸை மாத்தலாம்" என்று சொல்லி எழும்பிப் போய்விட்டார்.

மறுநாள் அவருடைய மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா, அலுவலக வாசலில் நிற்கிறார். அலுவிகாரையில் அவர்கள் வீட்டு முன்னறையை எனக்காக ஒழித்தாயிற்றாம். இரத்தோட்டை பஸ்ஸில் இனி அலைய வேண்டாமாம். புதுக் கணக்கில் ஐம்பத்தொன்று வந்தது. பெரியவரும் கையெழுத்து வைத்தார்.

இரண்டு வருசம் அந்த வீட்டில் இருந்து படித்தேன். வந்தது அறுபத்தெட்டு! துள்ளிக்கொண்டு போய்ச் சொன்னால், ஐயாவின் முகம் கறுத்துப்போனது.

"பதினேழு மார்க் பிழை! என்ர கணக்கு நாறிப்போச்சே பிள்ளை!"

மூன்று நாள் சாப்பாட்டு மேசையிலும் கட்டத்தாள்தான். பிழை எங்கே என்று தாளைத் தாளாகத் தேடினார். நாலாம் நாள் மத்தியானம், அக்கா என் தட்டில் இரண்டாம் தடவை புட்டும் மீன் குழம்பும் போடும்போது ஐயாவின் கை அந்தரத்தில் நின்றது.

"இஞ்சேரும், நான் உம்மைக் கணக்கில சேர்க்கேல்ல!" என்று மனைவியைப் பார்த்துக் கத்தினார். எச்சில் கையோடு ஓடிப்போய், இடது கையால் 'வீட்டுச் சாப்பாடு' என்று புதிதாக ஒரு தாள் தொடங்கினார்.

அவர் தன்னையும்தான் கணக்கில் சேர்க்கவில்லை. அதைச் சொன்னால் புட்டு ஆறும் வரைக்கும் திரும்பவும் கோடு இழுப்பார் என்று, நான் பேசாமல் அவருடைய தட்டை மூடி வைத்தேன்.