யுனிவர்சிட்டி டெஸ்னியும் வேலையில்லாதோர் உதவித்தொகையும்

மதிப்பும் பாசமும் மிகுந்த ஓல்வென் அக்காவுக்கு,

தம்பி இட்ரிஸ் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மென்னாவும் உன் மருமகள் டெஸ்னியும், மழை ஒன்று நீங்கலாக, எல்லா வகையிலும் சுகம். அத்தானின் முழங்காலும் உங்கள் செம்மறியாடுகளும் டாஸ்மேனியாக் குளிரைத் தாங்கிக்கொண்டு சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று ஞாயிறுதோறும் தேவாலயத்தில் வேண்டிக்கொள்கிறேன்.

எடுத்த எடுப்பிலேயே நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். உன் மருமகளுக்கு வேலையில்லாதோர் உதவித்தொகை கிடைத்துவிட்டது. நீ அங்கே முகம் சுளிப்பது எனக்கு இங்கே தெரிகிறது. அவசரப்படாதே அக்கா, முழுவதையும் கேள். இதில் பெருமைப்பட நிறைய இருக்கிறது, அதில் பெரும்பங்கு எனக்கு உரியது.

போன வசந்தத்தில் கார்டிஃப் பல்கலைக்கழகத்திலிருந்து டெஸ்னிக்குக் கடிதம் வந்ததைச் சொன்னேன் அல்லவா? சட்டப் படிப்பு. நம் வம்சத்தில் சட்டத்தோடு சம்பந்தப்பட்ட ஒரே ஆள் எல்லன் மாமா, அவரையும் சட்டம்தான் தேடிப் போனது. கடிதத்தின் அடியில் இன்னின்ன மதிப்பெண் வாங்கினால்தான் இடம் உறுதி என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை நானும் படித்தேன், படித்துவிட்டு மடித்து உள்ளே வைத்துவிட்டேன். மறுநாள் காலை நான் ஓட்டும் பஸ்ஸில் ஏறியவர்களுக்கெல்லாம் டிக்கெட்டோடு சேதியையும் கொடுத்தேன். எங்கள் வீட்டு மாடிக்கும் எதிர்வீட்டு மாடிக்கும் குறுக்கே வாழ்த்துத் துணி கட்டினேன், அதன் கீழே லாரி மாட்டிக்கொண்டு தெருவே அரைநாள் நின்றதும் நல்லதுக்குத்தான், நின்றவர்கள் எல்லோரும் படித்தார்கள். போதகரைப் பிடித்து அறிவிக்கச் சொன்னேன். மே மாதம் எங்கள் ஆண்கள் பாடகர் குழுவின் கச்சேரியில் நானே மேடையிலிருந்து சொல்லி, அவளை எழுந்து நிற்கச் சொல்லி, மண்டபமே கைதட்டியது. மென்னா மட்டும், "பிள்ளை பொறக்குறதுக்கு முன்னாடியே பேரு வைக்கிறீங்க, இன்னும் பரிட்சையே எழுதல அவ" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எப்போதும் அவநம்பிக்கைதான்.

பேர் என்றதும் ஞாபகம் வருகிறது. நம் பள்ளத்தாக்கில் ஒருவருக்கு ஊர் ஒரு பேர் வைத்தால் அது கல்லறைவரை கூடவே வரும் என்பது உனக்குத் தெரியும். நான் பஸ் இட்ரிஸ். பத்து வயதில் பூங்காக் குளத்தில் படகோடு முழுகிய ஹாரிக்கு இப்போது எழுபது வயது, இன்றைக்கும் அவர் முழுகிய ஹாரிதான். டெஸ்னிக்கும் பேர் வந்துவிட்டது. யுனிவர்சிட்டி டெஸ்னி! சிப்ஸ் கடைக்காரர் வாசலில் நின்று அப்படிக் கூப்பிட்டபோது எனக்கு ஒரு சாண் உயரம் கூடியது. அவளோ அதற்குப் பிறகு பால் வாங்கக்கூடப் பின்சந்து வழியாகத்தான் போய் வந்தாள். வெயில் படாமல் நடக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நம் ஊரில் ஏது வெயில் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஜூனில், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய கல்லூரிப் பரீட்சைகள் முடிந்தன. பல்கலைக்கழகம் திறப்பதோ செப்டம்பர் கடைசியில். நடுவில் கோடை முழுக்கச் சும்மா இருக்க முடியாது என்று வேலை தேடினாள். எங்கே போனாலும் ஒரே பதில். "யுனிவர்சிட்டி டெஸ்னிக்கு மீன் பொரிக்கிற வேலையா? உங்க அப்பா கேட்டா என்னைச் சும்மா விடுவாரா? போம்மா, போய்ப் புஸ்தகம் படி." அடகுக்கடை, பேக்கரி, முதியோர் இல்லம் எல்லா இடத்திலும் என் மரியாதைதான் வாசலை மறித்துக்கொண்டு நின்றது. கடைசியில் உதவித்தொகைக்கு எழுதிப்போடப் போகிறேன் என்றாள். நான் குதித்தேன். "நம்ம குடும்பத்துல ஒருத்தரும் அந்த ஆபீஸ் படி ஏறினதில்ல!" என்றேன். "சுரங்கம் மூடின வருஷம் உங்க அப்பா ஏறினாரே, முட்டி தேய ஏறினாரே" என்று மென்னா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். டெஸ்னி என்னை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னாள்: "அப்பா, காலேஜ் முடிஞ்சு போச்சு, யுனிவர்சிட்டி ஆரம்பிக்கல. அந்தப் பக்கமும் இல்ல, இந்தப் பக்கமும் இல்ல. இப்ப நான் வேலை தேடுற ஆளு, அவ்வளவுதான். இது பிச்சை இல்ல, எனக்குத் தகுதி இருக்கான்னு கேக்கறேன்." அடடா, என்ன வாதம்! எதிர்க்கட்சிக்காரன் நானே ஆனாலும் மனசுக்குள் கைதட்டிவிட்டேன்.

அந்த அலுவலகத்தில் இருப்பது யார் தெரியுமா? மெய்ரியன். பாடகர் குழுவில் என் இடப்பக்கம் நின்று பாடுகிற அதே மெய்ரியன். வேலையில்லாதவர்களுக்கு வேலை பார்க்கிறவன் என்பதால் ஊர் அவனுக்கு வேலையில்லா மெய்ரியன் என்று பேர் வைத்திருக்கிறது. இந்தப் பள்ளத்தாக்கிலேயே நிரந்தர வேலை உள்ளவன் அவன் ஒருவன்தான். ஒருமுறை போய் வந்த டெஸ்னி, அடுத்த தடவை அப்பாவையும் கூட்டி வரச் சொன்னார் என்றாள். நம்மவன்தானே என்று பாடகர் குழுவின் பச்சைக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். அங்கே நல்ல கூட்டம்.

மெய்ரியன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "இந்தப் பொண்ணு மாணவியா, இல்லையா?" என்று கேட்டான்.

"இல்ல" என்றாள் டெஸ்னி.

"ஆமா" என்றேன் நான், அதே நேரத்தில்.

"இதான் சிக்கல்" என்றான் மெய்ரியன். "சீட்டு உறுதின்னா இவ மாணவி. மாணவிக்கு இங்க ஒண்ணும் கிடையாது. சீட்டு கெடச்சாச்சுன்னு கச்சேரியில சொல்லக் கேட்டேன், நானும் கை வலிக்கத் தட்டினேன். இப்ப இல்லன்னா எப்படி? சொன்ன வாயே திருப்பிச் சொல்லணும்."

"எந்த வாயி?"

"இந்த ஊர்ல எத்தனை வாயிப்பா இருக்கு? உன் வாய்தான்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்த நுணலாக நான் பச்சைக் கோட்டோடு உட்கார்ந்திருந்தேன். மதிப்பெண் இன்னும் வரவில்லை என்று மெல்ல முணுமுணுத்தேன். "காது கேக்கல. கச்சேரியில சொன்ன சத்தத்துல சொல்லு" என்றான் பாவி. சுற்றி இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். "ஒருவேளை, தாள் திருத்துறவன் குடிச்சிருந்தா, இல்ல தாளு தொலஞ்சு போனா..." என்று ஆரம்பித்தேன். "அவனை விடு. இவ ஃபெயிலாக வாய்ப்பிருக்கா, இல்லையா? அதைச் சொல்லு" என்றான்.

அக்கா, பனியில் மலைப்பாதையில் பஸ் இறக்கியவன் நான், அதையெல்லாம்விட இந்த ஒரு வார்த்தை கடினமாக இருந்தது. டெஸ்னியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் ஊசி போடப்போகும்போது அப்படித்தான் உட்கார்ந்திருப்பாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாதக்கணக்காக இந்தப் பிள்ளை பயந்துபோய் இருந்திருக்கிறது, நான் அதன் தலைக்கு மேலே துணி கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

எழுந்து நின்றுவிட்டேன். "இருக்கு! ஃபெயிலாக வாய்ப்பிருக்கு! ஆனா ஆகட்டும்! சட்டம் படிச்சாலும் என் பொண்ணு, சிப்ஸ் பொரிச்சாலும் என் பொண்ணு. பதினெட்டு வருஷமா என் பொண்ணாத்தான் இருக்கா, அதுக்கு அவ எந்தப் பரிட்சையும் எழுதல! போதுமாடா?" என்று கத்தினேன். நான் மேல்சுருதிக்காரன், உனக்குத் தெரியும், கண்ணாடி ஜன்னல் அதிர்ந்தது. கூட்டம் கைதட்டியது. டெஸ்னி என் கோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். உதவித்தொகை கிடைக்கப்போகிற சந்தோஷம் என்று அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். மெய்ரியன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "தகுதி இருக்கு" என்றான்.

ஆக, என் மானத்தைக் கொடுத்து மகளுக்குத் தகுதி வாங்கித் தந்திருக்கிறேன். அரசாங்கமே தகுதியுள்ளவள் என்று சொல்லிவிட்ட முதல் ஆள் நம் குடும்பத்தில் டெஸ்னிதான். இதைத்தான் ஒரு வாரமாக பஸ்ஸில் சொல்லிக்கொண்டு வருகிறேன். "வேலையில்லன்னு பெருமையடிக்கிற அப்பனை இப்பத்தான் பாக்கறேன்" என்கிறாள் மென்னா. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு, அதிலும் என் குஞ்சு உண்மையிலேயே பொன் என்று சொல்லிவிட்டேன்.

உனக்கும் அத்தானுக்கும் ஆண்டவர் நீண்ட ஆயுளும், ஆடுகளுக்கு நல்ல புல்லும், அந்த முழங்காலுக்கு ஓய்வும் அருளட்டும். மென்னா முத்தங்கள் அனுப்புகிறாள். டெஸ்னியின் அன்பையும் சேர்த்துக்கொள்.

என்றும் உன் தம்பி,
இட்ரிஸ்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் இதை மென்னாவுக்குப் படித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து மேசையெல்லாம் தேநீர். "உங்களுக்கு இன்னுமா புரியல?" என்கிறாள். டெஸ்னிக்குத் தகுதி உண்டு என்று முதல் தடவை போனபோதே முடிவாகிவிட்டதாம். இடம் இருக்கிறதா இல்லையா என்பதே கேள்வி இல்லையாம், வகுப்பு தொடங்கும்வரை ஒழுங்காக வேலை தேடினால் போதுமாம். நான் போனபோது அங்கே கூடியிருந்தவர்களில் பாதிப்பேர் எங்கள் பாடகர் குழு, அவர்களும் வேலை தேடி வந்தவர்கள் என்று நினைத்திருந்தேன், கச்சேரி கேட்க வந்தவர்களாம். மெய்ரியன் போட்ட நாடகம் என்று பல்லைக் கடித்தேன். அவன் இல்லையாம். "தோத்தாலும் பரவாயில்லன்னு அப்பா வாயால ஒரு தடவை கேக்கணும் மாமா. வீட்டுல கேட்டா சொல்ல மாட்டார். தகுதிக்கு வேணும்னு ஆபீஸ்ல கேட்டா சொல்லிடுவார்" என்று அவனிடம் போய்க் கேட்டுக்கொண்டது உன் மருமகளாம்.

பிறகு யோசித்துப் பார்த்தேன் அக்கா. சாட்சியைத் தானாகவே கூண்டில் ஏறவைத்து, ஊர் நடுவே உண்மையைக் கக்க வைத்திருக்கிறாள், இன்னும் சட்டப் புத்தகத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காதவள்! நாளைக் காலை மதிப்பெண் வருகிறது. எது வந்தாலும் உடனே எழுதுகிறேன். எது வந்தாலும் பெருமையாகத்தான் எழுதுவேன், நீ படித்துத்தான் ஆக வேண்டும்.