பார்த்ததுமே தெரிந்த மரம்

அவன் பலகையை நக்கிக்கொண்டிருந்த சமயம் பார்த்து மனைவி சமையலறைக்குள் வந்தாள்.

"பசிச்சா சொல்லியிருக்கலாமே," என்றாள்.

"கசக்குதான்னு பார்த்தேன்."

"கசக்குதா?"

"சரியாத் தெரியல. இன்னொரு தடவை பார்க்கணும்."

அவள் வயிற்றைத் தாங்கியபடி நாற்காலியில் உட்கார்ந்து, பென்சிலின் பின்பக்கத்தைக் கடித்துக்கொண்டு அவனையே பார்த்தாள். யோசிக்கும்போது எதையாவது கடிப்பது அவள் வழக்கம். அந்த வீட்டில் மூடி ஒழுங்காக இருக்கும் பேனா ஒன்றுகூடக் கிடையாது.

மேஜைமேல் நான்கு பழைய பலகைகள் கிடந்தன. கெட்டியான மரம். உளியை வைத்தால் உளிதான் யோசிக்கும். நிறம் மட்டும் இளஞ்சிவப்பு. ஓரங்களில் பழைய ஆணி ஓட்டைகள். ஒரு பலகையின் விளிம்பு நெடுக இரண்டிரண்டாகச் சின்னச் சின்னப் பள்ளங்கள்.

முந்தின நாள் அவள் அப்பா கொண்டுவந்து போட்டவை. மாமனார் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். 'ஓட்டுநருடன் பேசாதீர்கள்' என்ற அறிவிப்பை ஓய்வின்போது வீட்டுக்கும் எடுத்து வந்துவிட்டவர்.

"பிள்ளைக்குத் தொட்டில் செய்யுங்க," என்றார். அப்புறம் பலகையைத் தடவிப் பார்த்து, "என்னன்னு தெரியுதா?" என்றார்.

அவன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவன். மாலையில் தச்சு வகுப்புக்குப் போகிறான். மாப்பிள்ளைக்கு ஏதோ ஒன்று தெரியும் என்று மாமனார் நம்பிய முதல் சந்தர்ப்பம் அது. அதை வீணாக்க அவனுக்கு மனசில்லை.

"பார்த்ததுமே தெரிஞ்சுது மாமா."

மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் தோளைத் தட்டிவிட்டு மேற்கொண்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். மரத்துக்காக ஒருவர் கண் கலங்குவதை அவன் தச்சு வகுப்பில்கூடப் பார்த்ததில்லை.

அவனுக்கு உண்மையில் தெரிந்தது ஒன்றுதான். அது மரம்.

"நான் வேணா அப்பாவுக்குப் போன் போட்டுக் கேட்கட்டுமா?" என்றாள் மனைவி.

"வேண்டாம். தெரியும்னு சொல்லிட்டேன். மானம் போயிடும்."

"பலகையை நக்குறப்போ போகாததா?"

தச்சு வகுப்பில் அவனுக்கு 'சந்தேகம்' என்று பெயர். ஒரு ஆணியை அடிப்பதற்குள் ஏழெட்டுக் கேள்வி கேட்பான். மறுநாள் பலகையோடு வந்தவனைப் பார்த்ததும் வாத்தியார், "வா சந்தேகம், இன்னிக்கு என்ன?" என்றார்.

அவர் பலகையின் நுனியை உளியால் மெல்லச் சீவினார், ஈரத்துணியால் துடைத்தார், அவன் கொண்டுவந்த பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"செர்ரி மாதிரி இருக்கு. ஆனா செர்ரிக்கு இவ்வளவு கனம் வராது. பேரி மரமா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

"அப்போ உங்களுக்கும் தெரியலையா சார்?"

"தெரியலைன்னு யார் சொன்னா? உறுதியாத் தெரியல, அவ்வளவுதான். எதுக்கு இது?"

"தொட்டில் செய்ய சார்."

வாத்தியார் பலகையைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். "பேர் தெரியாத மரத்துல தொட்டில் வேண்டாம்பா. சில மரத்துல விஷம் இருக்கும். தூள் பட்டாலே தோல் தடிச்சுப் போகும். பச்சைக் குழந்தை, எதையும் வாயில வைக்கும்."

"நான் நேத்தே வச்சுட்டேன் சார்."

வாத்தியார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "எப்படி இருந்துது?"

"உப்பா."

"அது உன் கை வேர்வை."

திரும்பும் வழியில் அவன் முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை ஒரு ஜோடி வாங்கினான். இனி எதையும் முறைப்படிதான் செய்வது என்று முடிவு. மரத்தை எரித்தால் வாசனையை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று எங்கோ படித்திருந்தான். கையுறை போட்டுக்கொண்டு ஒரு மூலையை அறுத்து, அடுப்பில் காட்டினான். வாசனை வந்ததா என்று தெரியவில்லை. புகை வந்தது. மாடி வீட்டு அக்கா தண்ணீர்க் குடத்தோடு ஓடி வந்தாள்.

"அதுல விஷம் இருக்கான்னு கண்டுபிடிக்க, அதையே புகையாப் போட்டு எனக்குக் குடுக்குறீங்களா?" என்று ஜன்னலைத் திறந்துகொண்டே கேட்டாள் மனைவி.

நியாயமான கேள்விதான். பதில் சொல்ல அவனுக்கு நேரமில்லை. இரண்டு கையும் அரித்தன. கையுறையைக் கழற்றினால், விரல் நுனியிலிருந்து முழங்கை வரை செக்கச்செவேலென்று தடித்திருந்தது.

"பார்த்தியா? விஷம்."

"தூளையெல்லாம் கூட்டி அள்ளினது நான். எனக்கு ஒண்ணும் ஆகலையே."

"உனக்குக் கெட்டித் தோல்."

அவள் துடைப்பத்தை அவன் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் பலகையைத் துணியில் சுற்றி மரக்கடைக்கு எடுத்துப் போனான். கடைக்காரர் தொடக்கூட இல்லை. முதலில் அவன் கையைப் பார்த்தார், அப்புறம் பலகையின் விளிம்பைப் பார்த்தார்.

"இந்தப் பள்ளம் இருக்கே, இது வண்டு. ஜோடியாத்தான் போகும், ஜோடியாத்தான் கடிக்கும். நல்ல மரத்துப் பக்கமே வராது. விஷ மரமாத் தேடிப் பிடிக்கும்."

"ஏன் அப்படி?"

"அதை வண்டைத்தான் கேட்கணும். பேசாம பீச் மரம் வாங்கிட்டுப் போங்க தம்பி, பழம் காய்க்கிற பீச் இல்ல, இது வெளிநாட்டுக் காட்டு மரம். பிள்ளைங்க பொம்மையெல்லாம் அதுலதான் செய்றாங்க."

தீர்ப்புச் சொன்னவரும் மரம் விற்றவரும் ஒரே ஆள் என்பது, பீச் பலகைகளைத் தோளில் சுமந்து பாதி வழி வந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

"அப்பாகிட்ட உண்மையைச் சொல்லிடுங்க," என்றாள் மனைவி.

"எப்படிச் சொல்றது? பேரப்பிள்ளைக்கு விஷத்தைக் குடுத்திருக்கீங்க மாமான்னா? மனுஷன் தாங்குவாரா?"

பழைய பலகைகளைப் போர்வையில் சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினான். பீச் மரத்தில் தொட்டில் செய்வது, மாமனாரிடம் வாயே திறக்காமல் இருப்பது என்று முடிவாயிற்று. பீச் நல்ல மரம் என்பதால் கையுறை போடவில்லை. இரண்டே நாளில் அரிப்பு போய்விட்டது.

"பார்த்தியா? அந்த மரத்தை விட்டதும் சரியாயிடுச்சு."

"கையுறையையும்தானே விட்டீங்க?"

ஊரெல்லாம் சந்தேகம் என்று பெயர் வாங்கியவனுக்கு அந்த ஒரு இடத்தில் மட்டும் சந்தேகம் வரவில்லை.

தொட்டில் உண்மையிலேயே நன்றாக வந்தது. ஆட்டினால் ஆடியது, விட்டால் நின்றது. வாத்தியாரே வந்து பார்த்துவிட்டு, கேள்வி கேட்காமல் இருந்தால் அவனுக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது என்றார். நிறம்தான் இடித்தது. பீச் வெளிறிக் கிடந்தது. சாயம் பூசலாம் என்றால் சாயத்தில் என்ன விஷமோ. பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்து பூசினான். தொட்டில் திருவிழாப் பஞ்சுமிட்டாய் ஆனது. அதை அடக்கக் கெட்டியான தேயிலைத் தண்ணீரைப் பூசினான். இப்போது ஈரல் நிறம்.

"இருட்டுல பார்த்தா அதே நிறம்தான்," என்றாள் மனைவி ஆறுதலாக.

மாமனார் ஞாயிற்றுக்கிழமை காலை வருவதாகச் சொல்லியிருந்தார். ஜன்னல் திரைகளை இழுத்து மூடிய பிறகுதான் அவனுக்குப் பள்ளங்கள் ஞாபகம் வந்தன. தொட்டில் விளிம்பு கண்ணாடி போல வழவழவென்று இருந்தது. அவர் அன்றைக்குத் தடவிப் பார்த்ததே அந்த விளிம்பைத்தான். ஆணியை வைத்துத் தட்டினால் ஆழமாகப் போய்விடும். கடைசியில் முள்கரண்டியை விளிம்பில் வைத்துச் சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே போனான்.

மனைவி குனிந்து பார்த்தாள். "அதுல ரெண்டு ரெண்டாத்தானே இருந்துது. இதுல நாலு நாலா இருக்கு."

"வண்டுக் குடும்பம் பெருசாயிருக்கும்."

"அப்பா பேச மாட்டாரே தவிர, நல்லாப் பார்ப்பார்."

மாமனார் வந்தார். காபியைக்கூட வேண்டாம் என்று கைகாட்டிவிட்டு நேரே தொட்டிலிடம் போனார். ஒரு சுற்று வந்தார். மெல்ல ஆட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"நிறம் கொஞ்சம் மாறியிருக்கும் மாமா. பாலிஷ்," என்று கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னான் அவன்.

அவர் தலையாட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். விளிம்பில் விரலை வைத்து நகர்த்தினார். விரல் ஒரு பள்ளத்தில் நின்றது. நகர்ந்தது. மறுபடியும் நின்றது. பின்னோக்கி வந்து இன்னொரு தடவை எண்ணியது. மனைவி கதவோரம் சாய்ந்து பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மாமனார் மகளைப் பார்த்தார், பென்சிலைப் பார்த்தார், விளிம்பைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவனிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு அப்போதுதான் வந்தது.

"இவ சின்னதுல இந்தப் பலகைத் தொட்டில்ல கிடந்து கடிச்சப்போ வாயில இருந்தது ரெண்டே பல்லுதான், இந்த நாலு பல்லு யாரோடது, மாப்பிள்ளை?"