மலைக்கு முதுகு காட்டிய டிஷ்

திருத்தணி,
புதன், பகல் 12.10

பெருமதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

திருத்தணி நிருபர் தணிகாசலத்தின் வணக்கம். தாங்களும் அலுவலகத்தாரும் நலமென நம்புகிறேன். இங்கே, இன்று காலை 7.40 நிலவரப்படி, மோடம் நலம்.

அது கெட்டுப்போகவே இல்லை. இத்தகவலை உறுதி செய்தவர் என் வீட்டு உரிமையாளர் கௌரியம்மாள். தகவலுக்கு அவரைவிட நம்பகமான ஆள் கிடையாது, ஏனென்றால் காரியத்தைச் செய்தவரே அவர்தான்.

கிருத்திகைக்குக் கிருத்திகை கூட்டம் சேர்ந்து செல்போன்கள் செயலிழப்பதால்தான் தாங்கள் சாட்டிலைட் இன்டர்நெட் போட்டுத் தந்தீர்கள். சித்திரைக் கிருத்திகை அன்று மலையிலிருந்து செய்தியோடு ஓடி வந்தால் மோடத்தில் சிவப்பு விளக்கு, அடாப்டர் என்று நினைத்துப் புதிது மாட்டினேன், வைகாசிக் கிருத்திகையிலும் சிவப்பு, ஒயர் முனையில் மழைத்தண்ணீர் இறங்கியிருக்கும் என்று ஒயரையே மாற்றினேன், ஆனிக் கிருத்திகையிலும் சிவப்பு, தாங்கள் மோடத்தையே மாற்றி அனுப்பினீர்கள், மெக்கானிக் எல்லப்பனோ மூன்று தடவையும் கூட்டத்தால் மறுநாள்தான் வர முடிந்தது, வந்தவர் பச்சை விளக்கைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். “இது நல்லாத்தான சார் எரியுது? உங்களுக்குக் கண்ணு டெஸ்ட் பண்ணி எத்தினி நாளாச்சு?” என்று கேட்டார். நான்காவது முறையும் தவறினால் திருத்தணியையும் அரக்கோணம் நிருபர் விஜயராகவனே பார்த்துக்கொள்வார் என்று தாங்கள் எழுதிய கடிதம் திங்களன்று வந்தது. இருபத்தாறு வருட வேலை. உடனே நோட்டை எடுத்துத் தேதிகளை ஒப்பிட்டேன். சிவப்பு எரிந்தது கிருத்திகை நாட்களில் மட்டும்! இன்று காலை மாடி ஏறினேன். டிஷ் நிற்கும் கம்பத்தில் இரண்டு குங்குமப் பொட்டுகள் இருந்தன. ஒன்று தெற்கே, ஒன்று வடக்கே. இத்தனை நாளும் கீழே நின்று டிஷ் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தேன், அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்க்கவில்லை என்பதை வெட்கத்துடன் பதிவு செய்கிறேன்.

கௌரியம்மாள் எதையும் மறைக்கவில்லை. செயற்கைக்கோள் இருப்பது தெற்கே. மலை எங்கள் வீட்டுக்கு வடக்கே.

“சாமிக்கு முதுகக் காட்டிகினு நிக்குது சார். மத்த நாளு உங்க இஷ்டம். கிருத்திகைக்கு என் வீட்ல அப்டி உட மாட்டேன், மலைப் பக்கமா திருப்பிடுவேன். உங்க வேலை கெடக் கூடாதுன்னுதான் பொட்டு வச்சி, மறுநாளு கரெக்டா திருப்பி வெக்கிறேன்” என்றார்.

மறுநாள் செய்தி பழசாகிவிடும் என்றேன். சாமி பழசாகவில்லையே என்றார். வழி சொன்னவரும் அவரே. அவர் தங்கை சின்னம்மாளின் வீடு மலைக்கு வடக்கே இருக்கிறது. அங்கே வைத்தால் தெற்கே பார்க்கும் டிஷ் மலையைப் பார்த்தபடி நிற்கும், யாரும் திருப்ப வேண்டியதில்லை.

நிலுவையில் உள்ளவை: டிஷ்ஷை இடம் மாற்ற எல்லப்பன் வெள்ளி காலை 11 மணிக்கு வருகிறார். ஆடிக் கிருத்திகைச் செய்தி ஞாயிறு மாலை 4 மணிக்குத் தங்கள் மேசையில் இருக்கும். விஜயராகவனுக்குச் சிரமம் வேண்டாம்.

தணிகை மலையான் தங்களையும் தலையங்கத்தையும் காக்கட்டும்.

பணிவுடன்,
தணிகாசலம்

பி.கு. (பிற்பகல் 3.30): சின்னம்மாள் வீட்டைப் பார்த்து வந்தேன். மாடி தருவதில் அவருக்கு முழுச் சம்மதம். ஒரே ஒரு நிபந்தனை. “கிருத்திகை அன்னிக்கு சாமி எதிர்ல இப்டி வாயப் பொளந்துகினு நிக்கலாமா சார்? அன்னிக்கு மட்டும் பித்தளைத் தாம்பாளத்தால மூடிடறேன்” என்கிறார். ஆகவே மேலே எழுதியவற்றைத் தள்ளுபடி செய்யவும். விஜயராகவனை ஞாயிறு மாலை அரக்கோணம் ரயில் நிலையத்தில் நிற்கச் சொல்லவும். திருத்தணியிலிருந்து வரும் ரயிலில் செய்தியைக் கையெழுத்தில் கொடுத்தனுப்புகிறேன். அவர் அதை அங்கிருந்து தங்களுக்கு அனுப்பினால் போதும். ரயிலும் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் தெற்கே வருகிறது. இன்று பிற்பகல் வரை யாரும் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை.