உடையாத ஹெட்ஃபோன் ஒன்று வேண்டும்

எனக்கு ஹெட்ஃபோன் ராசி கிடையாது. சிலருக்கு வாடகை வீடு அமையாது, சிலருக்குச் செருப்பு நிலைக்காது. எனக்கு ஹெட்ஃபோன். எதை வாங்கினாலும் மூன்றாம் மாதம் இடது காது செத்துவிடும். அதன் பிறகு வயரை ஒரு பக்கமாக வளைத்து, ரப்பர் பேண்டால் கட்டி, கழுத்தை ஆடாமல் அசையாமல் வைத்துக்கொண்டால் இன்னும் இரண்டு வாரம் ஓட்டலாம். அந்த இரண்டு வாரமும் பஸ்ஸில் என்னைப் பார்ப்பவர்கள் கழுத்தில் சுளுக்கு என்று நினைத்து எழுந்து இடம் கொடுப்பார்கள். (உட்கார்ந்துவிடுவேன். எனக்கு வெட்கம் கொஞ்சம் குறைவு.)

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. கம்பளையில் வீடு, கண்டி டவுனில் மருந்து விநியோகம் செய்யும் கம்பனி ஒன்றில் வேலை. தினமும் போக ஒரு மணி நேரம், வர ஒன்றரை. நாங்கள் போகும் தனியார் பஸ்ஸில் டிரைவருக்குப் பிடித்த பாட்டைத்தான் எல்லோரும் கேட்க வேண்டும். எங்கள் டிரைவருக்குப் பிடித்ததோ மொத்தம் நான்கே பாட்டு. நாலும் காதலி செத்துப்போன பாட்டு. காலை ஏழு மணிக்கு நாலு காதலிகளை அடக்கம் செய்துவிட்டு ஒரு மனிதன் எப்படி வேலைக்குப் போவான்? எனவே ஹெட்ஃபோன் எனக்கு ஆடம்பரம் இல்லை, தற்காப்பு.

கடைசியாக வாங்கியதும் போய்ச் சேர்ந்தபோது, இனி யோசிக்காமல் வாங்குவதில்லை என்று முடிவெடுத்தேன். மூன்று வாரம் ஆராய்ச்சி செய்தேன். யாரோ ஊர் பேர் தெரியாத வெள்ளைக்காரர்கள் ஹெட்ஃபோனைத் தண்ணீரில் போட்டும் மாடியிலிருந்து எறிந்தும் காட்டும் வீடியோக்களைச் சாப்பாட்டு நேரத்தில் பார்த்தேன். ஒரு கொப்பியில் குறிப்பு எடுத்தேன். முடிவில் எனக்கென்று ஒரு கொள்கையே உருவாகிவிட்டது. ஹெட்ஃபோன் சாவது காதில் இல்லை, வயரில். வயரும் காதும் சேரும் இடத்தில் பலம் இருந்தால் மலிவானதும் உழைக்கும். அந்தப் பலத்தைக் கண்டுபிடிக்க ஒரே வழி, வாங்குமுன் கடை ஆள் ஒரு பக்கம் பிடிக்க நான் மறுபக்கம் பிடித்து இழுத்துப் பார்ப்பது. இதற்கு ‘இழுவைச் சோதனை’ என்று பெயரும் வைத்திருந்தேன். ஒபிஸில் இதைப் பற்றி அரை மணி நேரம் விளக்கினேன். கேட்டுக்கொண்டிருந்தவர் நடுவில் எழுந்து போய்விட்டார் என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

இதே சமயத்தில்தான் பிலிமத்தலாவையில் இருக்கும் என் அத்தை, அப்பாவின் தங்கை, எனக்கு ஒரு வரன் கொண்டுவந்தார். பெண் பெயர் சுகந்தி. அம்பிட்டியவில் வீடு, கண்டியில் ஒரு லேபில் இரத்தம் சோதிக்கும் வேலை. அத்தை அனுப்பிய படத்தில், பேராதனைப் பூங்காவில் யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். யாரைப் பார்த்துச் சிரித்தாள் என்று தெரியவில்லை. அந்த இடத்தில் நான் நிற்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது. அதற்கு முன் எனக்கு வந்த நாலு சம்பந்தமும் ஏதேதோ காரணத்தால் தட்டிப் போயிருந்தன. எதற்கும் நான் வருத்தப்படவில்லை. இது தட்டிப் போனால் தாங்கமாட்டேன் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. வீட்டில் மட்டும், “பார்க்கலாம்” என்று பெரிய மனுஷன்போலச் சொல்லி வைத்திருந்தேன்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. முறைப்படி பெண் பார்க்க வீட்டுக்குப் போகுமுன், பொது இடம் ஒன்றில் இரு பக்கமும் ‘தற்செயலாக’ சந்தித்துக்கொள்வார்கள். பிடிக்காவிட்டால், நாங்கள் சாமி கும்பிட வந்தோம் என்று அவரவர் வழியில் போய்விடலாம். வீட்டுக்குப் போய், வடையையும் கேசரியையும் சாப்பிட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்லும் சங்கடம் இல்லை. அத்தை கோயிலைச் சொன்னார். நான்தான் குறுக்கே விழுந்தேன்.

“அத்த, ஒங்க ஊருல மெயின் ரோட்டுல ஒரு எலக்ட்ரிக் சாமான் கடை இருக்குல்ல? அங்க வெச்சிக்கலாமே. நானும் ஹெட்ஃபோன் ஒண்ணு வாங்கணும்.”

“பொண்ணு பாக்க வாறியா, சாமான் வாங்க வாறியா?”

“ரெண்டும் ஒரே பயணத்துல முடிஞ்சிரும்ல?”

அத்தை போனை வைத்துவிட்டார். ஆனாலும் ஞாயிறு பத்தரை மணிக்கு அதே கடை என்று ஏற்பாடாயிற்று. பெண்ணும் அவள் அம்மாவும் வருவார்கள். அப்பா கூச்ச சுபாவம், இந்த மாதிரிக் காரியங்களுக்கு வெளியே வரமாட்டார் என்றும் அத்தை சொன்னார். ஓய்வுபெற்ற டீ மேக்கராம். தோட்டத்துத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் தேயிலையோடு பேசியவர், மனிதர்களோடு குறைவாம்.

நான் ஒன்பதரைக்கே போய்விட்டேன். பெண் வருமுன் ஹெட்ஃபோன் வேலையை முடித்துவிட்டால், மனம் முழுவதையும் கல்யாணத்தில் வைக்கலாம் என்று திட்டம். கடையில் நல்ல கூட்டம். முதலாளி, எல்லோரும் ‘நானா’ என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவர், கல்லாவில் இருந்தார். கடை ஆட்கள் எல்லோரும் இளநீலச் சட்டை, கறுப்புக் காற்சட்டையில் டீவிப் பக்கம் பரபரத்துக்கொண்டிருந்தார்கள். ஹெட்ஃபோன் தட்டின் அருகே மட்டும் ஒரு வயதான சேல்ஸ்மேன், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அதே இளநீலச் சட்டையில் சும்மா நின்றார். என்னைப் பார்த்ததும் கிட்ட வந்தார்.

“தம்பி என்னா பாக்குறீங்க?”

“ஹெட்ஃபோன். வெல கொறைவா இருக்கணும், ஆனா ஒழைக்கணும்.”

“நல்ல கொள்கைங்க” என்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார். “தம்பிக்கு வேல எங்கங்க?”

இங்கேதான் நான் உஷாரானேன். இந்தக் கடைகளின் சூட்சுமம் எனக்குத் தெரியும். வேலை என்ன, சம்பளம் என்ன என்று அன்பாகக் கேட்டு, உடனே தவணைமுறை விண்ணப்பப் பாரத்தை எடுத்து நீட்டிவிடுவார்கள். என்னோடு வேலை செய்த ஒருவர் டோர்ச் பற்றரி வாங்கப் போய் வோஷிங் மெஷினோடு திரும்பி வந்தவர். அதுபோக, விலை பேசப்போகிறவன் பணக்காரனாகத் தெரியக் கூடாது. ஆகவே நாம் எல்லோரும் கடையில் போடுகிற அந்த ஏழை வேஷத்தை நானும் போட்டேன். கொஞ்சம் தாராளமாகவே போட்டுவிட்டேன்.

“வேலையா? இருக்குங்க. எப்ப போகும்னுதான் தெரியல.”

“அப்படிங்களா. சம்பளம்?”

“வந்த அன்னிக்கே போயிருதுங்க. எங்க போகுதுன்னு எனக்கே தெரியாது.”

அவர் முகம் கொஞ்சம் வாடியது. தவணைக் கொமிஷன் போச்சே என்று வருந்துகிறார் என நினைத்து உள்ளுக்குள் மகிழ்ந்தேன்.

“வீடு சொந்தமா?”

“பேருக்கு வீடு. கூரையில ஓட்ட. மழ பேஞ்சா சட்டி வெச்சிட்டு முழிச்சிக்கிட்டு இருப்போம்.” (எங்கள் வீடு கொங்கிரீட் தட்டுப் போட்டது. அப்பா கடன் வாங்காமல் கட்டியது. அவர் மட்டும் பக்கத்தில் நின்றிருந்தால் என்னை அந்த வயராலேயே அடித்திருப்பார்.)

“சரி, இந்த ஹெட்ஃபோன்… அடிக்கடி வாங்குவீங்களோ?”

“எங்கிட்ட எதுவும் மூணு மாசத்துக்கு மேல நிக்காதுங்க. ஒடஞ்சா தூக்கி வீசிட்டு புதுசு பாத்துக்குவேன்.”

பெரியவர் நீண்ட மூச்சு விட்டார். அவரை இனிமேல் வேலை வாங்கலாம் என்று எனக்குத் தைரியம் வந்துவிட்டது. மேல் தட்டில் இருந்ததை எடுக்கச் சொன்னேன். எடுத்தார். அதற்குப் பக்கத்தில் இருந்ததை எடுக்கச் சொன்னேன். எட்டவில்லை, ஆனாலும் குதிகாலை உயர்த்தி எடுத்தார். தூசி துடைக்கச் சொன்னேன். தன் கைக்குட்டையால் துடைத்துக் கொடுத்தார். இவ்வளவு பணிவான சேல்ஸ்மேனை நான் கண்டியில் கண்டதே இல்லை. அதைப் பற்றி ஒரு நிமிடமாவது யோசித்திருக்கலாம்.

“இப்ப இந்த முனையப் புடிங்க” என்றேன். “இறுக்கமா. நான் இழுப்பேன், நீங்களும் இழுக்கணும்.”

“எதுக்குங்க தம்பி?”

“பலம் பாக்க. பயப்படாதீங்க, ஒங்க மொதலாளி ஒண்ணும் சொல்ல மாட்டாரு.”

அவர் கடைக்குள் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு பிடித்தார். வயதானவர்தான், ஆனால் பிடி உடும்புப் பிடியாக இருந்தது. முதலாவது தாங்கியது. இரண்டாவதும் தாங்கியது. மூன்றாவது, நான் கொப்பியில் இரண்டு தரம் அடிக்கோடிட்டிருந்த ரகம். அதை மட்டும் நன்றாகச் சோதிக்க வேண்டும் என்று, ஒரு காலைத் தட்டில் ஊன்றிக்கொண்டு, “ஒண்ணு, ரெண்டு, மூணு!” என்றேன்.

வயர் அறுந்தது. நான் தட்டைப் பிடித்துக்கொண்டு தப்பினேன். பெரியவருக்குப் பிடிக்க ஒன்றும் இல்லை. பின்னால் அடுக்கியிருந்த ரைஸ் குக்கர் பெட்டிகளின் மேல் போய் உட்கார்ந்தார். பெட்டிகள் சரிந்து, அவரோடு சேர்ந்து மெதுவாகத் தரைக்கு இறங்கின. டீவிப் பக்கம் இருந்த கூட்டம் முழுவதும் டீவியை விட்டு எங்களைப் பார்த்தது. நானா கல்லாவிலிருந்து ஓடிவந்தார்.

“அல்லாஹ்வே! இத ஒடச்சது யாரு?”

வாழ்க்கையில் ஒரு மனிதனுக்கு நல்லவனாக நடந்துகொள்ளக் கிடைக்கும் சந்தர்ப்பங்கள் சில. அதில் இது ஒன்று. நான் தரையில் கிடந்த வயதானவரைக் கைகாட்டி, தெளிவான குரலில் சொன்னேன்:

“ஒங்க சேல்ஸ்மேன்தான் நானா. அளவா இழுக்கத் தெரியல.”

நானா அவரை உற்றுப் பார்த்தார். “இவர் எங்கட கடை ஆள் இல்லயே மகன்.”

அந்த நேரம் பார்த்துக் கண்ணாடிக் கதவு திறந்தது. அத்தை, ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசனத்தைச் சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்தார். “அட! நம்ம ரவி! நீ எங்கடா இந்தப் பக்க…” வசனம் பாதியில் நின்றது. அவர் பார்வை என்னைத் தாண்டித் தரைக்குப் போனது.

“ஐயோ, அண்ணே! நீங்க எப்ப வந்தீங்க?”

ரைஸ் குக்கர்களுக்கு நடுவில், அறுந்த வயரைக் கையில் பிடித்தபடி, சுகந்தியின் அப்பா உட்கார்ந்திருந்தார். வீட்டில் இருப்புக் கொள்ளாமல், மாப்பிள்ளையைத் தானே தனியாகப் பார்த்துப் பேசிவிடலாம் என்று முந்தின பஸ்ஸில் வந்துவிட்டாராம். என் படத்தைப் பார்த்திருந்ததால் அவருக்கு என்னைத் தெரியும். எனக்குத்தான் அவரைத் தெரியாது.

என் காதில் ஒரு சத்தமும் இல்லை. இரண்டு பக்கமும் செத்துவிட்டது போல இருந்தது. அத்தைக்குப் பின்னால், தன் அம்மாவோடு, அந்தப் படத்திலிருந்த முகம் நின்றது. இப்போது சிரிக்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள், வயரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சட்டென்று மின்விசிறிகள் இருந்த பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். எல்லாம் முடிந்தது, நாலோடு இது ஐந்து என்று தோன்றியது. ஏதாவது சொல்லி ஆக வேண்டும். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். குறைந்தது கை கொடுத்துத் தூக்கியிருக்கலாம். நான் சொன்னது இது:

“கூரையில ஓட்ட இல்லங்க.”

அவர் தானாகவே எழுந்தார். சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு நானாவிடம் போய், “பாதி நான் தாறேன். நானுந்தான இழுத்தேன்” என்றார். நான் முழுவதையும் கட்டினேன். மிஞ்சிய காசில், கல்லாவுக்கு முன்னால் கூடையில் குவித்திருந்த மலிவுச் சாமானில் கைக்கு அகப்பட்ட ஹெட்ஃபோன் ஒன்றை, என்ன நிறம் என்றுகூடப் பார்க்காமல் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அத்தையோடு த்ரீவீலரில் அவர் வீட்டுக்குப் போனேன். இறங்கும்போது, “கோயிலுன்னா மணிய அறுத்திருப்ப” என்றார்.

ஒன்பது நாள் பதில் இல்லை. அந்த ஒன்பது நாளும் பஸ்ஸில் ஹெட்ஃபோன் போடவில்லை. டிரைவரின் நாலு பாட்டையும் முழுதாகக் கேட்டேன். அவருக்கு ஏன் அவை பிடிக்கும் என்று அப்போது புரிந்தது.

பத்தாம் நாள் அத்தை போன் செய்தார். “சம்மதமாம்” என்றார். அவராலேயே நம்ப முடியவில்லை என்பது குரலில் தெரிந்தது. சுகந்தியின் அப்பா கம்பளைக்கே வந்து, எங்கள் வீட்டுக்கு எதிரே நின்று கூரையை நன்றாகப் பார்த்திருக்கிறார். ஒபிஸிலும் விசாரித்திருக்கிறார். வீட்டுக்குத் திரும்பி, “மத்த மாப்பிள்ளைங்க இல்லாதத இருக்குன்னாங்க. இவன் இருக்கிறத இல்லன்னு சொல்றான். நான் இப்படி ஒரு ஆளப் பாத்ததில்ல” என்றாராம். அது பாராட்டா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

சுகந்தியிடம் கேட்டேன், கல்யாணத்துக்குப் பிறகு. அன்று அவள் அழவில்லையாம். மின்விசிறிக்குப் பின்னால் நின்று சிரிப்பை அடக்கி வயிறு வலித்ததாம்.

“எல்லாரும் வீட்டுக்குக் கொண்டுபோன பொறகுதான் பழுதாவாங்க. நீங்க கடையிலயே ஆயிட்டீங்க. இதுக்கு மேல என்ன பயம்?”

கூடையிலிருந்து எடுத்த அந்த ஹெட்ஃபோன் இன்னும் பாடுகிறது. எட்டு வருஷமாகிறது. அதற்குப் பிறகு ஆராய்ந்து வாங்கிய எதுவும் மூன்று மாதம் தாண்டவில்லை. கொப்பியைச் சுகந்தி பால் கணக்கு எழுதக்கூடத் தரமாட்டேன் என்று ஒளித்து வைத்திருக்கிறாள், விருந்தாளிகளுக்கு வாசித்துக் காட்டுவதற்காக. மாமாவோ எங்கள் வீட்டுக்கு வரும் புதிய ஆட்களிடம், “நான் இவருகிட்ட சேல்ஸ்மேனா இருந்தேன்” என்றுதான் தன்னை அறிமுகப்படுத்துவார்.

போன மாதம் சுகந்தியின் தங்கைக்கு ஒரு வரன் வந்தது. மாமா கோயில் வேண்டாம், அந்தக் கடையே போதும் என்றார். அலுமாரியிலிருந்து இளநீலச் சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் முன்னதாகத் தனியாகப் புறப்பட்டுப் போனார். பையன் நல்ல வேலை, நல்ல குணம், மரியாதையாகப் பேசினானாம். எடுத்த சாமானை எடுத்த இடத்திலேயே துடைத்து வைத்தானாம். மாமா மத்தியானம் வீட்டுக்கு வந்து, கதிரையில் உட்கார்ந்து, தலையை ஆட்டினார்.

“சரிப்பட்டு வராது. பையன் ஒண்ணக்கூட ஒடைக்கல.”