விழுமிய வாத்தியாரும் ஓடாத மோட்டாரும்

நீச்சல் சொல்லித் தருகிறவர் ஒரு தடவையாவது தண்ணீர் குடித்திருப்பார். கார் ஓட்டச் சொல்லித் தருகிறவர் ஒரு சுவரையாவது இடித்திருப்பார். ஆனால் வாழ்நாளில் ஒரு கடையின் ஷட்டரைக்கூடத் தூக்கிப் பழக்கமில்லாமல், இருபது முப்பது வருஷமாகக் கடை நடத்துகிறவர்களை வரிசையாக உட்காரவைத்து, நீங்கள் செய்வதெல்லாம் தப்பு என்று இனிக்க இனிக்கச் சொல்லித் தருகிற ஓர் இனம் இருக்கிறது. பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருப்பீர்கள். சமூக வலைத்தளங்களில் விளம்பரம் செய்யக் கற்றுக்கொடுக்கிறவர்கள் இவர்கள். வெறும் விளம்பரமா? சேச்சே! விழுமியம் சார்ந்த விளம்பரம். 'விற்பனை' என்று யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால், பெரியவர்கள் முன்னால் கெட்ட வார்த்தை பேசிவிட்ட மாதிரி முகத்தைச் சுளிப்பார்கள்.

அந்த இனத்தில் நன்றாக வளர்ந்த ஒருவருக்கு ஊரார் வைத்த பெயர் விழுமிய வாத்தியார். நேரில் மட்டும் 'மாஸ்டர்'. சிறுதொழில் செய்கிற நாற்பது பேர் அவரிடம் படித்தார்கள். அதில் ஒருவர் மோட்டார் அக்கா.

மோட்டார் அக்காவுக்குக் கடைத்தெருக் கோடியில் ஒரு பட்டறை. எரிந்துபோன தண்ணீர் மோட்டாரைப் பிரித்து, கருகின செப்புக் கம்பியை உருவி, புதுக் கம்பி சுற்றி ஓடவைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் முச்சந்தியில் ஒரு பெரிய கம்பெனி கண்ணாடிக் கதவு போட்டு சர்வீஸ் சென்டர் திறந்ததிலிருந்து அக்கா ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். பட்டறையை வைத்துக்கொள்கிறாரா விடுகிறாரா என்று மாசக் கடைசிக்குள் கட்டடச் சொந்தக்காரருக்குச் சொல்லியாக வேண்டும். விட்டால்? கொழுந்தனாரின் பெயிண்ட் கடை தயாராகக் காத்திருந்தது.

"மூடிட்டு வந்துடுங்க அண்ணி. உங்களுக்குன்னு ஒரு ஸ்டூல் போட்டு வச்சிருக்கேன். சும்மா உக்காந்து பில்லு கிழிச்சா போதும்" என்று அவர் போகும்போதும் வரும்போதும் சொல்வார். நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் அக்காவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அந்த ஸ்டூலில் உட்காருவதைவிட மோட்டாரைக் கட்டிக்கொண்டு கிணற்றில் குதிக்கலாம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு வகுப்பில் போய்ச் சேர்ந்தார்.

மருந்துக் கடைக்கு மேலே ஒரு அறை. பிளாஸ்டிக் நாற்காலிகள், எழுதாத பேனா ஆளுக்கொன்று. சுவரில் முதல் படம், இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே ஒரு சின்னச் செடி. அந்தச் செடி இல்லாமல் இந்த இனத்தார் யாரும் வாய் திறந்ததாகச் சரித்திரமே இல்லை.

"எல்லாரும் கண்ணை மூடுங்க" என்றார் வாத்தியார். "உங்க கடை ஒரு மனுஷனா இருந்தா அவன் எப்படி இருப்பான்?"

"வேர்த்துப்போய் இருப்பான் மாஸ்டர்" என்றார் சலவைக் கடைக்காரர்.

வாத்தியார் அதைக் கேட்காத மாதிரி ஒரு கட்டு அட்டையை மேசையில் பரப்பினார். ஒவ்வொன்றிலும் ஒரு விழுமியம். உங்கள் தொழிலின் ஆன்மாவை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். முன்வரிசையில் இருந்தவர்கள் பாய்ந்து நேர்மையை அள்ளிக்கொண்டார்கள். அக்கா மேசைக்குப் போய்ச் சேர்வதற்குள் அதில் ஒன்றுகூட மிச்சமில்லை.

"நேர்மை தீர்ந்துபோச்சு மேடம், வேற எடுங்க" என்றார் வாத்தியார், கொஞ்சமும் சிரிக்காமல்.

மெத்தைக் கடைக்காரருக்குத் துணிச்சல் கிடைத்தது. அக்காவுக்குக் கிடைத்தது 'செவிமடுத்தல்'.

"மாஸ்டர், நான் ரிப்பேர் பண்ற ஒவ்வொரு மோட்டார் மேலயும் என் நம்பரை பெயிண்ட்ல எழுதிடுவேன். அந்த மாதிரி நம்ம வலைத்தளப் பக்கத்துலயும் நம்பர், கடை நேரம், என்னென்ன பாக்குறோம், எல்லாம் போட்டுடலாமா?"

வாத்தியார் ஒரு கையால் நெஞ்சைத் தொட்டுக்கொண்டார். "மேடம், நம்பர் போடுறது கெஞ்சுறது. விழுமியத்தைச் சொன்னா ஜனங்க தானா தேடி வருவாங்க. என்ன செய்யறீங்கன்னு சொல்லாதீங்க. ஏன் செய்யறீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

நாற்பது தலைகள் ஆடின. அக்காவின் தலையும்தான். மைக் பிடித்தவர் சொன்னால் நம்பித்தானே ஆகவேண்டும்?

மறுநாளிலிருந்து அக்காவின் பக்கத்தில் மோட்டார் காணாமல் போனது. அக்கா கன்னத்தில் கைவைத்து எங்கேயோ பார்க்கிற படம். கீழே, 'உங்கள் மனதின் குரலை நாங்கள் கேட்கிறோம்.' அடுத்த நாள், 'கேட்பவர் இருந்தால் பாரம் குறையும்.' நூற்றுப் பதினெட்டு பேர் இதயம் போட்டார்கள். பட்டறைக்கு ஒரு மோட்டாரும் வரவில்லை. ஐந்தாம் நாள் முன்பின் தெரியாத ஒரு பெண் செய்தி அனுப்பினார்: 'மேடம், என் வீட்டுக்காரர் ஆறு மாசமா என்கூட முகம் கொடுத்துப் பேசறதில்ல. உங்ககிட்ட எப்போ வரலாம்?'

அக்கா அதை வீட்டுக்காரரிடம் காட்டினார். அவர் நிதானமாகப் படித்துவிட்டு, "கம்பி மாத்திப் பாரு" என்றார்.

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. மாசக் கடைசிக்கு நாலே நாள் இருந்தது. வாத்தியாரிடம் கேட்டால், "விதை போட்டிருக்கோம் மேடம், பொறுமை வேணும்" என்றார். பொறுமை என்ற அட்டை யாருக்குப் போயிற்றோ!

இந்தக் கட்டத்தில்தான் வாத்தியார் வீட்டு மோட்டார் நின்றது. பின்னால் நடந்ததை வாத்தியாரின் மனைவியே அக்காவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார், அதனால் நம்பலாம். காலை ஏழரை மணி. பத்து மணிக்கு வாத்தியாருக்கு வேறொரு வகுப்பு. தலை நிறையச் சோப்பைப் போட்டுக்கொண்டு குழாயைத் திறந்தால், ஒரு சொட்டு வந்தது, அப்புறம் அதுவும் நின்றது. துண்டைக் கட்டிக்கொண்டு கைபேசியும் கையுமாக வெளியே வந்தார். சர்வீஸ் சென்டரைக் கேட்டார். நாலு நாள் ஆகும் என்றார்கள். ஊர்க் கடைகளைத் தேடினார். தண்ணீர், குழாய், மோட்டார் சம்பந்தப்பட்ட அத்தனை பேரும் அவருடைய மாணவர்கள்! நம்பர் கேட்பதும் கெஞ்சுவதுதான் என்று ஒருவர் நம்பரையும் அவர் வாங்கி வைத்ததில்லை.

முதல் பக்கத்தைத் திறந்தார். 'நாங்கள் இணைப்பது குழாய்களை அல்ல, உறவுகளை.' நம்பர் இல்லை. அடுத்தது. 'ஒவ்வொரு துளியிலும் கருணை.' விலாசம் இல்லை. அதற்குக் கீழே 'அருமை! இதுதான் வழி!' என்று ஒருவர் பாராட்டியிருந்தார். யார்? இவரேதான். பதறிப்போய் ஒரு கடைக்குச் செய்தி அனுப்பினார். அந்த நொடியே பதில் வந்தது: 'உங்கள் விழுமியங்களோடு பயணிக்கக் காத்திருக்கிறோம்.' அந்தத் தானியங்கிப் பதிலை எழுதிக் கொடுத்ததும் இவர்தான். சோப்பு கண்ணில் இறங்கியது.

"மோட்டார் மேலயே ஏதோ நம்பர் எழுதியிருக்கே, அதைக் கூப்பிடுங்களேன்" என்றார் மனைவி.

மஞ்சள் பெயிண்டில், கோணல்மாணலாக, பத்து இலக்கம். போன வருஷம் அக்கா சரிசெய்த மோட்டார் அது.

அக்கா கால் மணி நேரத்தில் வந்தார். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். சின்னக் கோளாறுதான், கையோடு முடித்துவிடலாம். ஆனால் ஸ்பானரைப் பையிலிருந்து எடுக்காமல் மடியில் கைவைத்து உட்கார்ந்துகொண்டார்.

"சொல்லுங்க மாஸ்டர். கேட்டுக்கறேன்."

"என்னத்தைச் சொல்றது? மோட்டார் ஓடல!"

"அது 'என்ன'ங்கறது. 'ஏன்'னு மட்டும் சொல்லுங்க."

வாத்தியார் காலி வாளியைத் தூக்கிக் காட்டினார். தலையில் சோப்பு காய்ந்து வெள்ளை வெள்ளையாக உதிர ஆரம்பித்தது.

"சரி, ஒரு வேலை பண்ணுங்க" என்றார் அக்கா. "உங்க பக்கத்துல இந்த மோட்டாரைப் படம் எடுத்துப் போடுங்க. கீழ என் நம்பர். காலையில எட்டுலேர்ந்து சாயந்தரம் ஏழு வரைக்கும்னு எழுதுங்க. போட்டதும் ஸ்பானரை எடுக்கறேன்."

"மேடம், இருபதாயிரம் பேர் பாக்கற பக்கம் அது. அதுல போய் நம்பர்..."

"போடுங்க!" என்று உள்ளேயிருந்து மனைவி போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டு ஜன்னல் திறந்தது.

போட்டார். தண்ணீர் வந்தது. சாயங்காலத்துக்குள் அக்காவுக்குப் பதினாலு அழைப்புகள், அத்தனையும் மோட்டாருக்காக. மறுநாள் சலவைக் கடைக்காரரும் மெத்தைக் கடைக்காரரும் தங்கள் பக்கத்தில் நம்பர் போட்டார்கள். மாசக் கடைசியில் அக்கா கட்டடக்காரரிடம் பட்டறை வேண்டும் என்று சொல்லிவிட்டு, அப்படியே கொழுந்தனார் கடைக்குப் போய் அந்த ஸ்டூலைக் கேட்டு வாங்கிவந்து, காத்திருக்கிறவர்கள் உட்காரப் போட்டார்.

வாத்தியார் திருந்தினாரா? நல்ல கேள்வி கேட்டீர்கள். அடுத்த வகுப்பில் செடிக்குப் பதிலாக மஞ்சள் பெயிண்ட் மோட்டார் படம் சுவரில் வந்தது. 'வெளிப்படைத்தன்மை: என் மாணவிக்கு நான் கற்றுக்கொடுத்த பாடம்.' அட்டைக் கட்டில் அதே பெயரில் புதிதாக ஓர் அட்டையும் சேர்ந்திருக்கிறது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இதை நாலு பேருக்கு அனுப்பக் கை துறுதுறுக்கிறது, இல்லையா? அனுப்பும்போது மேலே, 'எளிமையின் வலிமை' என்றோ, 'நான் எப்போதும் சொல்வதுதான்' என்றோ இரண்டு வரி சேர்க்கவும் தோன்றுகிறது, இல்லையா? எழுதுங்கள், யார் வேண்டாம் என்றது? எழுதுவதற்கு முன்னால் ஒரு நடை போய், உங்கள் வீட்டு மோட்டார் மேல் யாருடைய நம்பராவது இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள்.