கண்ணை மூடச் சொல்லிவிட்டுப் பேசியது

நடந்தது இதுதான்:

1. கடத்தூருக்குப் பக்கத்து ஊர்க்காரியான நான், எக்ஸ்ரே எடுக்கப் படித்துவிட்டு, இங்கிலாந்தில் ஒரு சிறிய ஊரின் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போனேன்.
2. இந்தியாவிலிருந்து வந்தவள் என்பதால் எனக்கு யோகா தெரியும் என்று அங்கே எல்லோரும் முடிவு செய்தார்கள்.
3. நான் மறுக்கவில்லை.
4. வியாழக்கிழமைதோறும் சர்ச் ஹாலில் ஆங்கிலத்தில் யோகா வகுப்பு எடுத்தேன்.
5. அதன் விளைவாக, அண்ணி என் நீலப் பட்டுச் சேலையை எடுத்துக் கட்டுகிற விஷயம், கிறிஸ்துமஸ் பூசை முடிந்ததும் எங்கள் ஊர்க் கோயில் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது.

மூன்றாவதுதான் விளக்க வேண்டியது.

எனக்கு யோகா அடியோடு தெரியாது என்று சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் நாலைந்து ஆசனங்கள் கற்றுக்கொடுத்திருந்தார். (அவருக்கே அவ்வளவுதான் தெரியும் என்று பேச்சு.) ஆனால் நான் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் ஆசனம் அல்ல, வியாழக்கிழமை. குளிர்காலத்தில் அந்த ஊரில் எல்லாக் கிழமைகளும் சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடும். வேலை முடிந்து வந்தால் என் அறை, ஒரு கட்டில், ஜன்னலுக்கு வெளியே மழை. அங்கே தமிழ் தெரிந்தது எனக்கும் அலமாரிக் கண்ணாடிக்கும் மட்டும்.

ஆங்கிலத்திலாவது நிறையப் பேசினேனா என்றால், எக்ஸ்ரே அறையில் நாள் முழுக்கப் பேசுவது இவ்வளவுதான்: மூச்சை இழுங்கள். பிடித்துக்கொள்ளுங்கள். அசையாதீர்கள். விடுங்கள். அடுத்தவர் வரலாம்.

இதை அப்பாவுக்கு எழுத முடியாது. நிலக்கடலைக் காட்டை விட்டு ஒரு நாளும் அகலாத மனிதர், விமானம் பிடிக்க என்னைப் பம்பாய் ரயில் ஏற்றிவிட வந்தபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "தனியாக் கெடந்து கஷ்டப்படறன்னு தெரிஞ்சா, மறுபேச்சு பேசாம வூட்டுக்கு வந்துரணும். அப்புறம் நான் பார்க்கற பையனக் கட்டிக்கணும்." அதனால் என் கடிதங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். நான் நலம். ஊர் அழகு. எல்லோரும் அன்பாகப் பழகுகிறார்கள்.

முதல் வகுப்பில் எட்டுப் பத்துப் பேர் வந்திருந்தார்கள். என் வீட்டுக்கார அம்மா முதல் வரிசையில் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஆர்தர். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். பறவைகளின் குரலைப் பதிவு செய்வதற்காக எங்கே போனாலும் டேப் ரிக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு போவார்.

"மூச்சை இழுங்கள்," என்றேன். இழுத்தார்கள். "பிடித்துக்கொள்ளுங்கள். அசையாதீர்கள்." பிடித்துக்கொண்டார்கள். அடுத்து, படிப்பையும் சேர்த்து நாலு வருஷப் பழக்கம், நான் விறுவிறுவென்று நடந்து கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். எக்ஸ்ரே அறையில் அப்படித்தான் தடுப்புக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அழுத்த வேண்டும். இங்கே அழுத்தப் பொத்தான் இல்லை. எங்கே வைத்தேன் என்று சுவரைத் தடவிக்கொண்டிருந்தபோது உள்ளே யாரோ இருமினார்கள். ஓடி வந்து பார்த்தால் ஆர்தர் தக்காளி நிறத்தில் இருந்தார். இருமியவரைத் தவிர யாரும் மூச்சை விடவில்லை. அவ்வளவு ஒழுக்கமான மனிதர்கள்.

கடைசியில் எல்லோரையும் மல்லாந்து படுக்கச் சொல்லிக் கண்ணை மூடச் சொன்னேன். கால் விரலிலிருந்து ஒவ்வோர் உறுப்பாகத் தளர்த்தச் சொல்ல வேண்டும். முழங்கால் வரை வந்ததும் என்னிடம் ஆங்கிலம் தீர்ந்துபோனது. ஹாலில் சத்தமே இல்லை. யாரும் என்னைப் பார்க்கவில்லை. அதே இழுவையான, தாலாட்டுகிற குரலில், வாய் தானாகத் தமிழுக்கு மாறியது.

"நல்லா மூடிக்கங்க சாமிங்களா... இந்த ஊருல உப்புன்னு ஒண்ணு இருக்கறது யாருக்காச்சும் தெரியுங்களா... வூட்டுக்கார அம்மா, நீங்க நல்லவங்கதான். வாரத்துக்கு ரெண்டு தடவதான் குளிக்கணும்னு சொல்றீங்களே, அது அடுக்குமா... எங்கப்பா லெட்டர் போடறாரு. செவல மாடு கன்னு போட்டுச்சாம், கெணத்துல தண்ணி எறங்கிப் போச்சாம். நீ சாப்ட்டயா கண்ணுன்னு ஒரு வரி உண்டா... எங்கண்ணி இந்நேரம் என் நீலப் பட்ட எடுத்துக் கட்டியிருப்பாங்க... யாராச்சும் எங்கிட்டப் பேசுங்களேன். தப்பாப் பேசினாக்கூடப் பரவால்ல."

எழுந்தபோது வீட்டுக்கார அம்மாவின் கண் கலங்கியிருந்தது. "எவ்வளவு பழைய பிரார்த்தனை இது?" என்று கேட்டார். மிகப் பழையது என்றேன். அடுத்த வியாழனும் அதையே கேட்டார்கள். அதற்கடுத்த வியாழனும். நானும் சொன்னேன்; ஒவ்வொரு வாரமும் அதற்குப் புதுப்புது வரிகள் சேர்ந்தன.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வகுப்பில் ஆர்தர் சிரித்த முகமாக வந்தார். "உன் அப்பாவுக்கு எங்கள் எல்லோருடைய பரிசாக உன் குரலை அனுப்பியிருக்கிறோம். அந்தப் பிரார்த்தனை முழுதும் கேசட்டில் இருக்கிறது. இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கும்." விலாசம் கொடுத்தது வீட்டுக்கார அம்மா.

மூச்சைப் பிடித்துக்கொண்டேன். விடச் சொல்லத்தான் ஆள் இல்லை.

அடுத்த வருஷம் லீவில் ஊருக்குப் போனபோது, மிச்சத்தை அண்ணி சொன்னார். ஊரில் டேப் ரிக்கார்டர் வைத்திருந்தது பங்குச் சாமியார் ஒருவர்தான். வெளிநாட்டிலிருந்து வந்த கேசட், அதுவும் கிறிஸ்துமஸுக்கு, நிச்சயம் ஜெபமாகத்தான் இருக்கும் என்று அவர் பூசை முடிந்ததும் அதை மைக் முன்னால் வைத்துவிட்டார்.

"மொதல்ல இங்கிலீஷு. ஊரே கைகூப்பி நின்னுச்சு," என்றார் அண்ணி. "அப்புறம் உப்பு வந்துச்சு. அப்புறம் மாடு வந்துச்சு. ஃபாதரு நிறுத்தப் போனாரு, பதட்டத்துல எந்தப் பொத்தான்னு தெரியல. அப்புறம் என் சேல வந்துச்சு."

"அண்ணி, நீங்க அன்னிக்கு என்ன கட்டியிருந்தீங்க?"

"வேற எத? அதத்தான்! ஊரே திரும்பி என்னப் பார்த்துச்சு. நான் எங்க போயி ஒளியறது?"

"அப்பா?"

"மாமா நேரா வூட்டுக்கு வந்து, அவள வரச் சொல்லி லெட்டர் எழுதுன்னு உங்கண்ணங்கிட்டச் சொன்னாரு. நாந்தான் குறுக்க பூந்தேன். 'மாமா, அழுதிருந்தா வரச் சொல்லுங்க. இவ ஒருத்தர் விடாமத் திட்டறா. திட்டறவளுக்குத் தெம்பு இருக்குது. கெடக்கட்டும், வுடுங்க'ன்னேன்."

அவமானப்பட்டவரே எனக்காக வாதாடியிருக்கிறார். "சேலைய நீங்களே வச்சுக்கங்க அண்ணி," என்றேன்.

"நீ என்ன குடுக்கறது? ஊரு முன்னால அத்தன பேச்சு வாங்கினப்பவே அது எனக்குன்னு ஆயிப்போச்சு."

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது சலித்துக்கொள்ள ஆரம்பித்தால், மற்றவர்கள் எல்லோரும் தரையில் மல்லாந்து படுத்து, "கண்ண மூடிக்கிட்டோம், நீ சொல்லு," என்கிறார்கள். அப்பாவும் படுக்கிறாராம்.

இப்போதைய நிலவரம்: வியாழக்கிழமை வகுப்பு நடக்கிறது. அது பிரார்த்தனை அல்ல, புலம்பல் என்று ஆர்தரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "அதை ஆங்கிலத்திலும் சொல்லலாமே," என்று தேநீர் ஊற்றினார். வாரத்துக்கு மூன்று தடவை குளிக்கிறேன். அப்பாவின் கடிதத்தில் முதல் வரி மாடு, இரண்டாவது வரி சாப்பிட்டாயா. தமிழ் பேச இன்னும் ஆள் கிடைக்கவில்லை.