கழற்றும் விளக்கும் கழற்ற மறந்த நானும்

தினமும் ஒரு வேலையை வேடிக்கை பார்க்கிறவருக்கு அந்த வேலை தெரியும் என்று ஊர் நம்பும். அதில் பெரிய ஆபத்து ஒன்றும் இல்லை. வேடிக்கை பார்க்கிறவரே நம்பிவிட்டால்தான் வம்பு.

நான் ஓசூரில், கார்களுக்கு ஒயரிங் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். பெண்கள் வரிசையாக நின்று ஒயர்களைக் கோப்பார்கள். நான் பின்னால் நின்று "சீக்கிரம், சீக்கிரம்" என்பேன். (என் கையால் ஒரு ஒயரைக்கூடக் கோத்ததில்லை.) உத்தனப்பள்ளிக்கு மருமகளாகப் போன புதிதில், "எங்க மருமக கார் ஒயரிங் பூராவும் பண்ணுது" என்று மாமனார் டீக்கடையில் பெருமையடித்திருந்தார். நானும் மறுக்கவில்லை. சும்மா வருகிற மரியாதையை யார் திருப்பி அனுப்புவார்கள்?

மாமனாருக்குத் தொழில் தக்காளி; உயிர், ஜீப். ராணுவம் கழித்துவிட்டதை ஏலத்தில் எடுத்த பழைய பச்சை ஜீப் அது. அவர் பட்டாளத்துக்குப் போனவர் இல்லை. ஆனால் அதில் ஏறி உட்கார்ந்தால் முதுகு தானாக நிமிர்ந்துவிடும்.

நாத்தனார் கவிதாவைக் குருபரப்பள்ளியில் கொடுத்திருந்தார்கள். அவள் அங்கே தையல் கடை போட முடிவு செய்தாள். தையல் மிஷின்களும் வெட்டுகிற மேஜையும் எங்கள் வீட்டில் இருந்தன. கவிதா பேசினாலே பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது. போனில் சொன்னாள், "அப்பா, ரிப்பன் கிப்பன் எதுவும் வேணாம். சத்தமில்லாம ஆரம்பிக்கிறேன். ஓடலைன்னா சத்தமில்லாம மூடிக்கிறேன்."

மாமனார் பொருட்களை ஜீப்புக்குப் பின்னால் டிரெய்லர் மாட்டிக் கொண்டுபோகத் தீர்மானித்தார். டிரெய்லரில் விளக்கு கிடையாது. முந்தைய முறை ஹைவேயில் போலீஸ் நிறுத்தி, பின்னால் லைட் இல்லாமல் இனிமேல் வரக்கூடாது என்று எச்சரித்து அனுப்பியிருந்தார்கள்.

"நான் மாட்டித் தரேன் மாமா" என்றேன். (யாரும் கேட்கவில்லை.)

"ஜீப்புல ஒரு ஓட்டை போடக் கூடாதும்மா. ஒரு ஒயரை வெட்டக் கூடாது."

"வேணும்னா மாட்டலாம், வேணாம்னா ஒரு செகண்டுல கழட்டிடலாம். அதுதான் மாமா இதுல ஸ்பெஷலே!"

ஒரு பலகையில் இரண்டு பக்கமும் விளக்கு வைத்து, டிரெய்லரின் பின்னால் கயிற்றால் கட்டினேன். அங்கிருந்து ஒயரை ஜீப்புக்குள் இழுத்து, ஸ்டியரிங்குக்குக் கீழே கிளிப்புகளால் கவ்வவைக்க வேண்டும். குனிந்து பார்த்தால் தலை சுற்றியது. எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு ஒயரும் ஒவ்வொரு நிறம். ஜீப்பில் எல்லா ஒயருக்கும் ஒரே நிறம், அழுக்கு.

முதல் சோதனையில் விளக்குகள் கல்யாண மண்டபம்போல ஜொலித்தன. "அடேங்கப்பா!" என்று மாமனார் திறந்த வாயை மூடுவதற்குள் பட் பட்டென்று இரண்டும் போய்விட்டன. ராணுவ ஜீப்புக்கு இருபத்துநாலு வோல்ட். நான் மாட்டியது காருக்கான பன்னிரண்டு வோல்ட் பல்பு. அன்று ஓசூர் போய் லாரி பல்பு வாங்கிவந்தேன். (வீட்டிலேயே ஒரு பல்பு வாங்கியாகிவிட்டது.) இரண்டாம் சோதனையில் எல்லாம் ஒழுங்காக எரிந்தது. பிரேக் போட்டால் சிவப்பு, கையைக் காட்டாமலே இண்டிகேட்டர். மாமனார் டிரெய்லரைச் சுற்றிச் சுற்றி வந்தார். நான் கவிதாவுக்குப் போன் போட்டு, எந்தக் கிளிப் எங்கே என்பதுவரை விளக்கினேன். அவளும் பொறுமையாக 'ம்' கொட்டினாள்.

மறுநாள் காலையில் கிளம்பினோம். மாமனார் ஓட்ட, பக்கத்தில் நான். சூளகிரிவரை குலுங்கிக் குலுங்கிப் போய் ஹைவேயில் ஏறினோம். அங்கிருந்து மாமனார் ஓயாமல் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்.

"மாமா, எதுக்கு இவ்ளோ ஹாரன்?"

"நான் எங்கம்மா அடிச்சேன்? ரெண்டு கையும் ஸ்டியரிங்லதானே இருக்குது!"

சொல்லிக்கொண்டே பிரேக் போட்டார். மறுபடி 'பாஆஆம்'. வழியில் குலுங்கிய குலுக்கலில், பிரேக் ஒயரைக் கவ்வியிருந்த என் கிளிப் நகர்ந்து, பக்கத்து வீட்டுக்காரரான ஹாரன் ஒயரையும் சேர்த்துக் கவ்விக்கொண்டிருந்தது. இது இப்போது தெரிகிறது. அப்போது எனக்குத் தோன்றியது, "இது பழைய வண்டி மாமா, அப்படித்தான் இருக்கும்" என்பது மட்டும்தான்.

முன்னால் போன கர்நாடகா லாரி, நாங்கள் முந்தத்தான் ஹாரன் அடிக்கிறோம் என்று ஒதுங்கி வழிவிட்டது. நாங்கள் முந்தாமல் பிரேக் போட்டோம். 'பாஆஆம்!' டிரைவர் தலையை வெளியே நீட்டி, "ஏன் ஸ்வாமி, ஹாரன் நில்சோதே இல்வா?" என்று, ஹாரனை நிறுத்தவே மாட்டீர்களா என்று கன்னடத்தில் கத்தினார்.

மாமனாரும் கன்னடத்திலேயே கத்தினார், "ஹாரன் அல்ல ஸ்வாமி, பிரேக்கு!"

அந்த டிரைவர் எங்களைப் பார்த்த பார்வையை எந்த மொழியிலும் எழுத முடியாது.

குருபரப்பள்ளியில் கடை இருந்த தெரு மேடு. மாமனார் கடை வாசலில் பிரேக்கை மிதித்து நிறுத்தினார். ஹாரன் அலறியது. ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். (அது ராணுவத்திலேயே ஓய்வு பெற்றுவிட்டது.) காலை எடுத்தால் ஜீப், டிரெய்லர், மிஷின் எல்லாம் பின்னால் உருளும். எடுக்காவிட்டால் ஹாரன் நிற்காது. இன்ஜினை அணைத்துப் பார்த்தார். ஹாரனுக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை.

"மாமா, காலை எடுங்க!"

"எடுத்தா மிஷினு ரோட்டுக்குப் போயிடும்மா! கல்லு எடுத்துனு வா, கல்லு!"

குதித்து ஓடினேன். சிமெண்டுத் தெருவில் கல்லுக்கு எங்கே போக? ஒரு வீட்டு வாசலில் இருந்த துவைக்கிற கல்லைத் தூக்கப் பார்த்தேன். அசையவில்லை. தெருவே வெளியே வந்துவிட்டது. எண்ணெய் தேய்த்த தலையோடு ஒருவர், இட்லித் தட்டோடு ஒரு அம்மா, செல்போனைத் தூக்கிப்பிடித்தபடி கல்லூரிப் பிள்ளைகள். என்ன ஆயிற்று என்று புரியாத ஒரு பெரியவர் தெலுங்கில் "ஏமைந்தி? ஏமைந்தி?" என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் கல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது கடைக்குள்ளிருந்து கவிதா ஓடிவந்தாள். அவள் குரலை அன்றுதான் முழுசாகக் கேட்டேன்.

"அண்ணீ! அந்தக் கிளிப்பைப் புடுங்குங்க!"

நான் கல்லைக் கட்டிப்பிடித்தபடி அவளைப் பார்த்தேன். எந்தக் கிளிப் என்று யோசித்தேன். அதற்குள் அவளே ஜீப்புக்குள் கையை விட்டு ஒரே இழுப்பு இழுத்தாள். சத்தம் நின்றது. 'ஒரு செகண்டுல கழட்டிடலாம்' என்று நான் சொன்னது உண்மைதான். ஒரு செகண்டுகூட ஆகவில்லை.

யாரோ இரண்டு பேர் சக்கரத்துக்குச் செங்கல் வைத்தார்கள். மாமனார் மெதுவாகக் காலை எடுத்தார். கவிதாவின் முகம் சிவந்திருந்தது. சத்தமில்லாமல் ஆரம்பிக்க நினைத்த கடையின் முன்னால் பாதி ஊர் நின்றது. "மன்னிச்சுக்கோ கவிதா" என்று சொல்ல வாய் திறந்தேன்.

இட்லித் தட்டு அம்மா டிரெய்லரை எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, தையல் மிஷினா? கடை போடறியா? சொல்லவே இல்லியே. என் பேத்திங்க ரெண்டு பேருக்கு யூனிஃபார்ம் தைக்கணும், தைப்பியா?"

"தைப்பேங்க" என்றாள் கவிதா, பழையபடி யாருக்கும் கேட்காத குரலில்.

"இன்னா?"

"தைப்பேங்க!" என்றாள், தெருவுக்கே கேட்கும்படி.

எண்ணெய்த் தலைக்காரரும் கல்லூரிப் பிள்ளைகளும் சேர்ந்து மிஷின்களை இறக்கினார்கள். மேஜை உள்ளே போவதற்குள் மூன்று பேர் ஜாக்கெட் துணி எடுத்து வந்துவிட்டார்கள். மாமனார் ஜீப்பின் மூக்கில் தட்டிக்கொடுத்தார், ஏதோ அது வேண்டுமென்றே செய்ததுபோல.

கடைக்கு அழகான பெயர்ப்பலகை இருக்கிறது. ஒருவரும் படிப்பதில்லை. குருபரப்பள்ளியில் இறங்கி "ஹாரன் டெய்லர்" என்று கேட்டால் பிள்ளைகள்கூட வழி சொல்லும். பார்சல் கொண்டுவருகிறவர் போனில் கேட்பதும் அப்படித்தான். எங்கள் வீட்டில் நான் எதையாவது "ரொம்ப சுலபம், நான் பண்றேன்" என்று ஆரம்பித்தால், என் கணவர் வாயாலேயே 'பாஆஆம்' என்கிறார்.

போன மாதம் கவிதா போன் செய்தாள். கிருஷ்ணகிரியில் இரண்டாவது கடை போடுகிறாளாம், புது மிஷின்களை ஏற்றிப்போக ஜீப் வேண்டுமாம். லாரிக்கு லைட் போடும் மெக்கானிக் ஒருவரை வரச்சொல்லியிருப்பதாக மாமனார் சொன்னார்.

"அதெல்லாம் வேணாம்ப்பா" என்றாள். "லைட்டை அண்ணியே மாட்டட்டும்."